முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் படப்புத்தகம்: கடையில் எதைப் பார்த்து எடுப்பது?

மாங்குளத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் முன்பள்ளியில் வாசிப்பு மூலை ஒன்று போடப் போகிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் புத்தகத்துக்கென்றே கொஞ்சக் காசு அனுப்பியிருக்கிறார். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குள் மூலையைத் திறந்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் அவசரம். எனக்கு இருக்கிற கவலை வேறு. இப்படிக் காசு திரும்பவும் வரும் என்று சொல்ல முடியாது, அதனால் வாங்குவதில் குப்பை சேரக்கூடாது.

பிள்ளைகள் மூன்று வயது தொடக்கம் ஐந்து வரை. ஒருவருக்கும் இன்னும் வாசிக்கத் தெரியாது. பெரியவர் வாசிக்க, பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கேட்கிற புத்தகம்தான் வேண்டும்.

கிளிநொச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எழுத்துப் புத்தகம், நிறம் தீட்டும் கொப்பி, கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என்று பெட்டி கட்டிய கதைப்புத்தகம், இவ்வளவுதான் கிடைக்கிறது. ஒரு கதைப்புத்தகத்தை விரித்துப் பார்த்தேன். முயல் முதல் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. சிங்கத்தின் முன்னாலும் அதே சிரிப்பு, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போதும் அதே சிரிப்பு. ஒரே முயலைக் கணினியில் வெட்டி எல்லாப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறார்கள்.

புத்தகப் பெயர்களின் பட்டியல் வேண்டாம், பாதி இங்கே கிடைக்காது. கையில் எடுத்ததும் நல்லதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது, அதைச் சொல்லுங்கள்.

வாய்க்கால்காரன்

அக்கா, குறை நினைக்க வேண்டாம். என் மகளும் முன்பள்ளிக்குத்தான் போகிறாள். வருகிற தை முடிவதற்குள் ஐந்து வயது நிரம்பிவிடும், தரம் ஒன்றில் சேர்க்க வேண்டும். அங்கே எழுத்துத் தெரியாத பிள்ளையைப் பின்வாங்கில் இருத்திவிடுவார்கள் என்ற பயம் எனக்கு மட்டும் இல்லை, எல்லாத் தகப்பன்மாருக்கும் இருக்கிறது. காசு இருந்தால் எழுத்துப் புத்தகமே வாங்கலாம். படம் பார்க்கத்தான் தொலைக்காட்சி இருக்கிறதே.

முல்லை ரீச்சர்

தம்பி, உங்கள் பயம் விளங்குகிறது. நானும் முன்பள்ளி ஆசிரியைதான், வருடத் தொடக்கத்தில் எல்லாப் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி இது. எழுத்துப் புத்தகம் கூடாது என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு நேரம் இருக்கிறது. அதை வைத்து வாசித்துக் காட்ட முடியாது. ‘அம்மா, ஆடு, இலை, ஈட்டி’ என்று வாசித்தால் அடுத்த பக்கத்தில் என்ன வருமென்று எந்தப் பிள்ளை காத்திருக்கும்?

வாசித்துக் காட்டுவதில் பிள்ளைக்குச் சேர்வது சொல். ‘தளும்பியது’, ‘பதுங்கியது’, ‘பொறுக்கினான்’ போன்ற சொற்களை நாங்கள் வீட்டில் அவ்வளவாகப் பேசுவதில்லை. ‘வா, சாப்பிடு, குளி, படு’ என்பதோடு நாள் முடிந்துவிடும். காதில் விழுந்து பழகிய சொல்லைப் பிறகு எழுத்தில் பார்க்கும்போது பிள்ளை டக்கென்று பிடித்துக்கொள்ளும். பழகாத சொல்லை எழுத்துக்கூட்டி முடித்தாலும் அது என்னவென்று விளங்காது.

வாசிக்கிற முறையிலும் விஷயம் இருக்கிறது. 1988 இல் அமெரிக்காவில் வைற்ஹேர்ஸ்ற் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். பிள்ளைகளுக்கு வயது இரண்டு, இரண்டரை. எல்லா வீட்டிலும் வாசிப்பு நடந்தது. ஒரு பகுதிப் பெற்றோருக்கு மட்டும் முறையை மாற்றிக் கொடுத்தார்கள்: நீங்களே வாசித்துக்கொண்டு போகாதீர்கள், கேள்வி கேளுங்கள், பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். பிள்ளை ‘நாய்’ என்றால் ‘ஓம், மழையில் நனைந்த நாய், எங்கே ஓடுது?’ என்று கேட்பது. இப்படி ஒரு மாதம். அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிட மாதக்கணக்கில் முன்னால் போயிருந்தார்கள்.

இனி மாங்குளத்தாளின் கேள்விக்கு வருகிறேன். இப்படிக் கேள்வி கேட்க இடம் விடுகிற படம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தை விரலால் மூடிக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். எழுத்தில் இல்லாத ஏதாவது படத்தில் நடக்க வேண்டும். எங்களிடம் உள்ள ஒரு புத்தகத்தில் கதை கிழவியைப் பற்றியது, ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஒரு பூனை மூலையில் நின்று எதையோ களவெடுக்கிறது. பூனையைப் பற்றி எழுத்தில் ஒரு வரி கிடையாது. பிள்ளைகள் கிழவியை விட்டுவிட்டார்கள், பூனைதான் இப்போது கதை. உங்கள் முயல் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒட்டுசுட்டான் மாமா

படத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். என் பேரனுக்கு யானைப் புத்தகம் ஒன்று வந்தது. நீல நிற யானை, தலையில் தொப்பி, கையில் பலூன். நான் வடிவாகக் குரலை மாற்றி வாசிக்கத் தொடங்கினேன். அவன் இரண்டாம் பக்கத்திலேயே என் கையைப் பிடித்து, ‘அப்பப்பா, வெடி கொளுத்துங்கோ!’ என்றான்.

அவனுக்குத் தெரிந்த யானை சாமத்தில் வேலியை முறித்துக்கொண்டு வந்து தென்னம்பிள்ளையைப் பிடுங்கும் யானை. நாங்கள் யானை வெடி போட்டுத் துரத்துவதை யன்னலால் பார்த்து வளர்கிறவன். பலூன் யானையை அவன் நம்பவில்லை. பிறகு நானே கதையை மாற்றி, இந்த யானை கோயில் திருவிழாவுக்குப் போகிறது, வயலுக்கு வராது என்று உறுதிமொழி கொடுத்துத்தான் கடைசிப் பக்கம் வரை போக முடிந்தது.

நம்முடைய பக்கத்துப் படம் உள்ள புத்தகம் வேண்டும், ஐயா. குளக்கட்டு, பனை, பாலைப்பழம் பொறுக்குகிற பிள்ளை, லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம். அப்படி ஒன்று வருகுதா?

முல்லை ரீச்சர்

மாமா, பேரன் கெட்டிக்காரன். நான் சொன்ன கேள்வி பதில் இதுதான், நீங்கள் கேட்க முந்தியே அவன் தொடங்கிவிட்டான்.

ஆனால் நம் ஊர்ப் படம் மட்டும்தான் என்று கட்டினால் அலுமாரியில் மூன்று புத்தகம்தான் மிஞ்சும். பனிக்கரடியையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பார்த்திராதது என்பதாலேயே பிடிக்கும். இரண்டும் கலந்து இருக்கட்டும். பிள்ளையின் வீடும் வளவும் ஒரு புத்தகத்திலாவது வர வேண்டும், அவ்வளவுதான்.

வட்டக்கச்சி அம்மம்மா

நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதைத் தட்டுகிறாள். என் மகள் ஆடைத் தொழிற்சாலை வேலைக்கு விடியவே பஸ் ஏறிவிடுவாள். சின்னவனுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். நீங்கள் எல்லோரும் பிள்ளைக்கு எது நல்லது என்று பேசுகிறீர்கள். வாசிக்கிற என்னை ஒருவரும் கேட்கவில்லையே!

எனக்குக் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்துத் தெரியாது. இப்போது வருகிற புத்தகங்களில் இரவு வானத்தைக் கறுப்பாகக் கீறி அதற்கு மேலே கடும் ஊதா எழுத்தில் அச்சடிக்கிறார்கள். யாருக்காக? வெள்ளைத் தாளில் பெரிய கறுப்பு எழுத்து, பக்கத்துக்கு இரண்டு வரி, அது போதும். மிச்சத்தை நான் சொல்லிக்கொள்வேன்.

அதைவிட நல்லது எழுத்தே இல்லாத புத்தகம். முன்பள்ளியில் ஒன்று கொடுத்துவிட்டார்கள், முழுக்கப் படம். முதலில் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். ஒரு பிள்ளை பட்டம் விடுகிறான், பட்டம் அறுந்து போகிறது, ஊரெல்லாம் தேடுகிறான். நான் ஒரு நாள் ஒரு மாதிரிச் சொல்வேன், அடுத்த நாள் வேறு மாதிரி. சின்னவன் ‘இல்லை அம்மம்மா, நேற்று மாமி வீட்டிலதானே பட்டம் விழுந்தது’ என்று பிடித்துவிடுவான். எழுத்துத் தெரியாத என் சம்பந்தி கூட அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசுவா. இப்படிப் புத்தகம் நாலைந்து வாங்கிப் போடுங்கோ பிள்ளை.

மாங்குளத்தாள்

அம்மம்மா, இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளிலும் பாதிப் பேரை அம்மம்மா, அப்பம்மாதான் கூட்டி வருகிறார்கள். எழுத்தில்லாத புத்தகம் கட்டாயம் பட்டியலில் சேர்கிறது.

அச்சுக்கூடத்தான்

நான் வவுனியாவில் அச்சகத்தில் வேலை செய்கிறேன். கதையைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. கட்டுமானத்தைப் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள்.

முதலில் முதுகைப் பாருங்கள். பசை போட்டு ஒட்டிய தட்டையான முதுகு என்றால் நடுவில் முழுதாக விரியாது. அழுத்தி விரித்தால் பசை வெடிக்கும். நம்முடைய கோடையில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தால் இன்னும் கெதியாக வெடிக்கும், பிறகு தாள் தாளாகக் கையோடு வரும். முப்பது பக்கத்துப் புத்தகத்துக்கு நடுவில் கம்பி அடித்ததுதான் நல்லது, மேசையில் வைத்தால் தட்டையாகக் கிடக்கும். கம்பி துருப்பிடிக்கும் என்றால் கழற்றிவிட்டு நூலால் தைக்கலாம், சாக்குத் தைக்கத் தெரிந்த யாருக்கும் முடியும்.

படப்புத்தகங்கள் கூடுதலாக 32 பக்கம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய தாளை இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்து வெட்டும்போது கணக்கு 8, 16, 32 என்றுதான் போகும். அதற்குள் கதையை முடிக்கத் தெரிந்தவர் செய்த புத்தகத்தில் திருப்பம் எப்போதும் வலதுபக்கத் தாளைப் புரட்டினால்தான் தெரியும். ‘கதவைத் திறந்தான், உள்ளே…’ என்று வலதுபக்கம் முடிய வேண்டும். கதவைத் திறக்கிறதும் உள்ளே இருக்கிற ஆளும் ஒரே விரிப்பில் இருந்தால் பிள்ளை முதலே பார்த்துவிடும், உங்கள் குரல் வீண். மொழிபெயர்ப்பு என்ற பெயரில் 32 பக்கத்தை 16 இல் நெருக்கி அடிப்பவர்கள் முதலில் கெடுப்பது இதைத்தான்.

மினுங்கும் தாளை விடுங்கள். யன்னல் பக்கம் இருந்து காட்டினால் வெளிச்சம் அடித்து அரைவாசிப் பிள்ளைகளுக்குப் படமே தெரியாது.

முல்லை ரீச்சர்

தம்பி சொன்ன கடைசி விஷயத்தோடு இன்னொன்று. இருபது பிள்ளைகளுக்குக் காட்டும் புத்தகம் ஏ4 அளவுக்குக் குறையக் கூடாது. மடியில் ஒரு பிள்ளையை வைத்து வாசிக்க எந்த அளவும் சரி. கடையில் புத்தகத்தை ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு எட்டடி பின்னால் போய்ப் பாருங்கள். யார் யார் நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அங்கிருந்து தெரிய வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

குஞ்சுவின் அம்மா

ஏழு மாதக் குழந்தைக்கு ஏதாவது வாசிக்கலாமா? மாமி சிரிக்கிறா.

முல்லை ரீச்சர்

தாராளமாக. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014 இல் இருந்து, பிறந்த கையோடே வாசிக்கத் தொடங்குங்கள் என்று பெற்றோருக்குச் சொல்கிறது. தடித்த அட்டைப் புத்தகம், ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய உருவம். கடிக்கும், நனைக்கும், அதற்குத்தான் அட்டை. மாமியையும் பக்கத்தில் இருத்துங்கள்.

துணுக்காய்ப் பெடியன்

கடையில் இல்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஸ்டோரிவீவர் என்ற தளத்தைப் பாருங்கள். பெங்களூரில் உள்ள பிரதம் புக்ஸ் என்ற இலாப நோக்கமில்லாத பதிப்பகம் 2015 இல் தொடங்கியது. தமிழில் நிறையப் படக்கதைகள் இருக்கின்றன, வாசிப்புப் படி நான்காகப் பிரித்திருக்கிறார்கள். முன்பள்ளிக்கு முதல் படி போதும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். காசில்லாமல் தரவிறக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை எடுக்காமல் விட்டால் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், சொற்களை மாற்றவும் செய்யலாம், உரிமம் அப்படித்தான் திறந்து விடப்பட்டிருக்கிறது.

ஆகவே ‘வேர்க்கடலை’ என்று இருக்கும் இடத்தில் ‘கச்சான்’ போட்டு அச்சடித்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

சென்னையில் தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்களும் நல்லவை, 1996 இல் இருந்து செய்கிறார்கள். இங்கே வந்து சேரும்போது விலை ஏறிவிடும், அதுதான் பிரச்சினை.

வாய்க்கால்காரன்

அப்படியென்றால் கைபேசியிலேயே காட்டலாமே? அச்சடிக்கிற செலவும் மிச்சம்.

துணுக்காய்ப் பெடியன்

அண்ணா, செய்து பார்த்தேன். அக்காவின் மகனுக்குக் கைபேசியில் கதை காட்டினால் இரண்டு நிமிடத்தில் விரலால் தள்ளி வீடியோவுக்குப் போய்விடுகிறான். இருபது பிள்ளைகளுக்கு அந்தச் சின்னத் திரையில் எதைக் காட்டுவது? நல்லதாகப் பத்துப் பன்னிரண்டைத் தெரிந்து வண்ணத்தில் அச்சடித்துத் தைத்துவிடுவோம். அச்சுக்கூடத்து அண்ணா மனம் வைத்தால் ஆகும்.

அச்சுக்கூடத்தான்

கோப்பை அனுப்புங்கோ. தாள் செலவு மட்டும் தாருங்கள். தடித்த தாளில் அடிப்போம், போட்டோக் கொப்பித் தாளில் அடித்தால் பின்பக்கப் படம் முன்னால் தெரியும்.

புதுக்குடியிருப்பு

கொஞ்சம் வேறு விஷயம். இந்த இழையில் யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2009 இல் போர் முடிந்தபோது செட்டிகுளத்து அகதி முகாமில் கூடாரத்துக்குள் இருந்த பத்து வயதுப் பிள்ளைகள்தான் இன்றைக்குத் தாய் தகப்பன். நானும் அதில் ஒருத்தி. எங்களுக்கு யாரும் மடியில் வைத்துப் புத்தகம் வாசித்தது கிடையாது. வாசிக்க ஒரு புத்தகமும் இருக்கவில்லை, வாசிக்கும் மனநிலையில் ஒரு பெரியவரும் இருக்கவில்லை. ‘பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்’ என்று கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எப்படி என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா? முதல் தடவை நான் செய்தி வாசிப்பது போல வாசித்தேன், மகன் எழும்பிப் போய்விட்டான்.

எனக்கு உதவியது ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகள். ‘தட்டு தட்டு, யார் அது?’ மாதிரி. மூன்றாம் தடவை வரும்போது பிள்ளையே சொல்லத் தொடங்கிவிடுவான், அவன் சொல்கிற குரலைக் கேட்டு எனக்கும் எப்படிச் சொல்வது என்று வந்துவிடும். மாங்குளத்து அக்கா, உங்கள் காசில் பாதியையாவது இப்படியான புத்தகத்துக்குப் போடுங்கள். வாசித்துக் காட்டத் தெரியாத தாய்மாரை அது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்று. எங்கள் முன்பள்ளியில் வாகனப் புத்தகம் ஒன்று வாசித்தார்கள். விமானம் வந்த பக்கத்தில் பிள்ளைகள் எல்லாம் எழும்பி நின்று கை காட்டினார்கள். பின்னால் நின்ற ஒரு தாய் செருப்பைக் கூடப் போடாமல் வெளியே போய் முற்றத்தில் நின்றா.

முல்லை ரீச்சர்

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. அந்தப் புத்தகத்தை என்ன செய்தீர்கள்?

புதுக்குடியிருப்பு

எடுக்கவில்லை, மூலையில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது லொறி மாதிரி இன்னொரு வாகனம், அவர்களிடமிருந்து ஏன் பறிக்க வேண்டும்? பெற்றோர் வரும் நாட்களில் மட்டும் ரீச்சர் வேறு புத்தகம் எடுப்பா. ஆனால் தாய் தொலைந்துபோகும், தகப்பன் திரும்பி வராத கதைகளை வாங்குவதற்கு முன் ஒருவர் கடைசிப் பக்கம் வரை வாசித்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிக் கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி வந்தால் பதில் சொல்ல ரீச்சர் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் மாமா

‘நீதி’ப் பெட்டி பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் சின்ன வயதில் கேட்ட கதைகளில் பாதி, நரி ஏமாற்றிவிட்டுத் தப்பி ஓடுகிற கதைதான். அப்பு நீதி சொன்னதே இல்லை, கதை முடிந்ததும் சுருட்டைப் பற்றவைப்பார். பெட்டி இருந்தால் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் மூடலாம், ஆனால் அந்தப் பெட்டிக்காகவே எழுதிய கதை முதல் வரியிலேயே காட்டிக் கொடுத்துவிடும்: ‘ஓர் ஊரில் சோம்பேறிச் சிறுவன் ஒருவன் இருந்தான்.’ மிச்சத்தைப் பிள்ளையே சொல்லிவிடும்.

மாங்குளத்தாள்

சரி, நான் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன். எழுத்தில்லாத புத்தகங்கள் கொஞ்சம், ஒரு வரி திரும்பத் திரும்ப வருபவை அதைவிடக் கூட, வகுப்புக்குக் காட்டப் பெரியவை சில, வீட்டுக்குக் கொடுத்துவிடச் சின்னவை. துணுக்காய்த் தம்பி தெரிவது அச்சுக்குப் போகும். ஒரே தலைப்பில் இரண்டு பிரதி வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். பிள்ளைக்குப் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் வகுப்பில் அழுகை.

புரட்டாதியில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்கு ஒருவர் போகிறார், அங்கே சிங்களப் படப்புத்தகங்கள் மலிவாகவும் நல்ல படத்தோடும் கிடைக்கும் என்கிறார்கள். சிபில் வெத்தசிங்க வரைந்த வீடுகளையும் மரங்களையும் பார்த்தால் நம் ஊர்போலவே இருக்கும். எழுத்து சிங்களமாக இருந்தால் என்ன, அம்மம்மா சொன்ன மாதிரிப் படத்தைப் பார்த்து நாங்கள் தமிழில் சொல்வோம்.

வாய்க்கால்காரத் தம்பி, உங்களுக்காக எழுத்துப் புத்தகம் ஒன்றும் வாங்குகிறேன்.

வாய்க்கால்காரன்

இரண்டாக வாங்குங்கோ அக்கா. மற்றதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், எழுத்தை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். புத்தகத்தை எதற்குள் வைக்கப் போகிறீர்கள்? மரத் தட்டு என்றால் மாரிக்குள் கறையான் முடித்துவிடும். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு தட்டு முழுக்க அப்படித்தான் போனது. வெளியில் அட்டை வடிவாக நின்றது, உள்ளே மண்.

மாங்குளத்தாள்

இரும்பு அலுமாரி வாங்கக் காசு போதாது. சுவரில் இருந்து தள்ளி நைலோன் கயிறு கட்டி அதில் புத்தகத்தைத் தொங்கவிடலாம் என்று ரீச்சர் சொல்கிறா. அட்டை முன்னால் தெரியும், பிள்ளைகள் தாங்களே எடுப்பார்கள். ஆனால் இரவில் எங்கே வைப்பது?

வாய்க்கால்காரன்

எங்கள் சங்கத்தில் பழைய இரும்பு அலுமாரி ஒன்று சும்மா கிடக்கிறது, பூட்டு மட்டும் இல்லை. தலைவரிடம் கேட்டுவிட்டேன், தருகிறார். ஞாயிறு பின்னேரம் லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வாறன். இறக்க நாலு பேரை நிற்கச் சொல்லுங்கோ, நல்ல பாரம்.